தெற்குக் கடலில் ஒரு புகைக்கோடு

தேவேந்திரமுனை வெளிச்சவீட்டடியில் பொழுதுபட்ட பிறகு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தொடுவானத்தில் விளக்குகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். "அந்தா ஒன்டு போகுது, பின்னால இன்னொன்டு வருது" என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கினால் எண்ணி முடியாது. சுயஸ் கால்வாயிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பல்கள் நம் தீவின் தென்முனையைச் சுற்றித்தான் போகின்றன. வடக்கே பாக்கு நீரிணை பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதாது. ஆகவே அத்தனையும் ஓர் ஒடுங்கிய பாதையில் நெருங்கி ஓடுகின்றன.

இந்தப் பாதை விண்வெளியிலிருந்தும் தெரிகிறது. 1995இல் ஏவப்பட்ட ஈஆர்எஸ்-2 என்ற ஐரோப்பியச் செய்மதியில் கோம் என்ற கருவி இருந்தது. பூமியிலிருந்து தெறித்து வரும் சூரிய ஒளியில் எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து, காற்றில் என்ன வாயு இருக்கிறது என்று அது கணக்கிட்டது. ஜேர்மனியின் ஹைடல்பேர்க் ஆய்வாளர்கள் அதன் பல வருட அளவீடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, இலங்கைக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையில் கோடு கீறினாற்போல நைதரசனீரொட்சைட்டு தெரிந்தது. 2004இல் அதை வெளியிட்டார்கள். பருவக்காற்று திசை மாறும்போது அந்தக் கோடும் வடக்கே அல்லது தெற்கே சாய்வதைக் கண்டார்கள்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது? "மலிவு எண்ணெய் எரிச்சா அப்படித்தான்" என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மை. கந்தகம் எண்ணெயில் இருந்து வருகிறது. நைதரசனோ பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் காற்றிலிருந்தே வருகிறது. காற்றில் 78 வீதம் நைதரசன். சாதாரணமாக அது எதனோடும் சேராத சாது. ஆனால் டீசல் இயந்திரத்தின் உருளைக்குள் வெப்பம் 1500 பாகை செல்சியசைத் தாண்டும்போது ஒட்சிசனோடு சேர்ந்து நைத்திரிக் ஒட்சைட்டாகிறது. புகைபோக்கியை விட்டு வெளியேறியதும் ஓசோனோடு தாக்கமுற்று நைதரசனீரொட்சைட்டாக மாறுகிறது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகை வேறு, இது வேறு.

இதனால்தான் 2020ஆம் ஆண்டின் சட்டம் இதைத் தொடவில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு அந்த வருடம் கப்பல் எண்ணெயின் கந்தக எல்லையை 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாகக் குறைத்தது. நல்ல காரியம். ஆனால் எண்ணெயைச் சுத்தமாக்கினாலும் உருளைக்குள் போகும் காற்று அதே காற்றுதான்.

"கடல்தானே, காத்து அள்ளிட்டுப் போயிடும்" என்பதும் முழுக்கச் சரியல்ல. வெயிலடிக்கும் கடலில் இந்த வாயு சில மணித்தியாலங்கள்தான் நிற்கும். அதற்குள் வெயிலில் ஓசோனை உண்டாக்கும். மீதி நைத்திரிக்கமிலமாகி மழையிலும் தூசியிலும் இறங்கும். வடகீழ்ப் பருவத்தில் காற்று அதைத் திறந்த கடலுக்குத் தள்ளுகிறது. தென்மேல் பருவத்திலோ கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. கப்பல் பாதை கரைக்குக் கிட்ட இருப்பதால், காற்று அந்தத் தூரத்தைக் கடக்க அதிக நேரம் வேண்டியதில்லை.

அதற்காக மாத்தறையில் ஒரு பிள்ளைக்கு இழுப்பு வந்தால் கப்பல்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பஸ்ஸும் லொறியும் அதே வாயுவைத்தான் வீதியில் விடுகின்றன. ஆனால் உலக சுகாதார அமைப்பு 2021இல் இந்த வாயுவுக்கான வருடாந்த வழிகாட்டல் அளவைக் கன மீற்றருக்கு 40 மைக்ரோகிராமிலிருந்து 10ஆகக் குறைத்திருக்கிறது. எல்லை அவ்வளவு தாழ்ந்திருக்கும்போது சிறிய பங்கையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. புகைபோக்கியில் ஓர் ஊக்கி அறையை வைத்து, யூரியாக் கரைசலைத் தெளித்தால் இந்த வாயு திரும்பவும் சாதாரண நைதரசனும் நீருமாகிறது. வயலுக்குப் போடும் அதே யூரியாதான். வடஅமெரிக்கக் கரைகளில் 2016 முதலும், பால்டிக், வட கடல்களில் 2021 முதலும் புதிதாகக் கட்டப்படும் கப்பல்களுக்கு இந்த அளவு கடுமையான எல்லை உண்டு. 2000ஆம் ஆண்டின் எல்லையோடு பார்த்தால் ஏறத்தாழ 80 வீதம் குறைவு.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த எல்லை அப்படி அறிவிக்கப்பட்ட கடல்களுக்கு மட்டுமே. கருவி பூட்டிய கப்பல் இந்து சமுத்திரத்துக்குள் வந்ததும் அதை நிறுத்திவைக்கலாம், சட்டம் தடுக்காது. யூரியாவுக்குக் காசு செலவாகுமே! வட கடலில் சுத்தமாக ஓடிய அதே கப்பல் நம் கரையோரம் சுத்தமில்லாமல் போகலாம்.

வடக்கின் கடல்களுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வரவில்லை. கரையோர நாடுகள் அளந்து, கணக்குக் காட்டி, சேர்ந்து முன்மொழிந்ததால் வந்தது. நமக்கும் முதல் வேலை அதுதான்: தென்கரையில் பருவம் பருவமாக, தொடர்ச்சியாகக் காற்றை அளப்பது. அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் அயல்நாடுகளையும் கூட்டிக்கொண்டு கேட்கப் போகலாம்.