தவறுதலாக எழும் பாதங்களும் நடுவர் தீர்ப்பும்

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமான 'டான்சிங் வித் த ஸ்டார்ஸ்' போட்டியில், வோல்ட்ஸ் போன்ற மரபுவழி நடனங்களில் துணையைத் தூக்கி ஆடுதல் விதிமீறலாகக் கருதப்படுகின்றது. துணையின் தாங்குதலால் ஒருவரது இரு பாதங்களும் ஒரே வேளையில் தரையை விட்டகன்றால் அது தூக்கலாகும். சுழலும் வேகத்தில் இது தற்செயலாகவும் நிகழ்ந்துவிடுகின்றது.

நடுவர்கள் பார்ப்பது பாதங்களையே, நோக்கத்தையல்ல. இத்தகைய தூக்கலைச் சுட்டிக்காட்டிப் புள்ளி குறைப்பதில் நடுவர் கெரி ஆன் இனாபா பெயர்பெற்றவர். எனினும், ஒருவர் கண்டதை மற்றவர் காணாதுவிடலாம், கண்டும் பொறுத்துக்கொள்ளலாம்.

நடுவர் புள்ளிகளும் பார்வையாளர் வாக்குகளும் சேர்ந்தே வெளியேறும் சோடியைத் தீர்மானிக்கின்றன. அங்கு ஒரு புள்ளியும் பெறுமதியானது. தவறியவர்மீது இரக்கம் காட்டுவது, விதியைப் பேணி ஆடிய சோடிக்கு அநீதியாகிவிடக் கூடாது. எனவே, சிறிதளவேனும் புள்ளியைக் குறைத்து, அதற்கான காரணத்தை மேடையிலேயே கூறுவதே முறையென நாம் கருதுகின்றோம்.