பம்பு அறையில் மின்சாரப் பழுது பார்த்தல்

1932-ஆம் வருஷத்தில் பைக்காரா மின்சார நிலையம் வேலை செய்யத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பிரதேசத்துக் கிணறுகளில் கவலை ஏற்றத்திற்குப் பதிலாக மின்சாரப் பம்புகள் பரவலாயின. மாடுகளின் உழைப்பு மிச்சமாயிற்று. ஆயினும், மின்சாரத்தைத் துண்டிக்காமலே பழுது பார்க்கும் வழக்கத்தால் உயிர்ச்சேதம் இன்றும் நேர்ந்து வருகிறது.

பயிர் வாடும் சமயத்தில் மோட்டார் நின்றுவிட்டால், விவசாயி அவசரமாக ஸ்டார்ட்டரைத் திறக்கிறார். மோட்டார் ஓடாதபடியால் மின்சாரமும் இல்லையென்று கருதுவது பெருந்தவறாகும். மூன்று கம்பிகளில் ஒன்றின் பியூஸ் எரிந்துபோயினும் மோட்டார் கிளம்பாது. மற்ற இரண்டிலும் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். அவ்விரண்டிற்கும் இடையே சுமார் 400 வோல்ட்டும், ஒவ்வொன்றிற்கும் தரைக்கும் இடையே சுமார் 230 வோல்ட்டும் அழுத்தம் உண்டு. மின்வெட்டு நேரத்தையும் நம்பலாகாது. மின்சாரம் எந்தக் கணத்திலும் திரும்பி வரக்கூடும்.

பியூஸ் தம்மைக் காக்கும் என்று சிலர் எண்ணுகின்றனர். 5 குதிரைசக்தி மோட்டார் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும்; அதைத் தாங்கும்படியே பியூஸ் போடப்படுகிறது. மனிதன் உயிரைப் போக்குவதற்கோ ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். ஆகவே பியூஸ் கம்பியைக் காக்குமேயன்றி ஆளைக் காவாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் தானே துண்டிக்கும் கருவியைப் பொருத்துதல் நலம். எனினும், இரண்டு கம்பிகளை ஒருங்கே தொட்டுவிட்டால் அதுவும் உதவாமற் போகலாம்.

பழுது பார்க்குமுன் செய்ய வேண்டியவை:

1. மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பொழுது பிறர் அறியாமல் சுவிட்சைப் போட்டாலும் தீங்கு நேராது.

2. நன்றாக வேலை செய்வதென்று உறுதியான டெஸ்டரால் மூன்று கம்பிகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

3. ஈரத் தரையில் நிற்கலாகாது. தனியாகவும் வேலை செய்யலாகாது.

4. மீட்டர்ப் பக்கத்துக் கம்பிகளில் மெயின் சுவிட்சை அணைத்த பின்னும் மின்சாரம் இருக்கும். அவற்றை மின்வாரிய ஊழியரைத் தவிர வேறொருவரும் தொடலாகாது.

எவரையேனும் மின்சாரம் பிடித்துக்கொண்டால் வெறுங்கையால் இழுக்கலாகாது. முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். இயலாவிடில், உலர்ந்த பலகை மேல் நின்று உலர்ந்த மரக்கழியால் விலக்க வேண்டும். மூச்சு நின்றிருப்பின், மருத்துவ உதவி வரும்வரை மார்பை விடாது அழுத்தி, செயற்கைச் சுவாசமும் அளிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயங்களை ஊர்க் கூட்டங்களில் எடுத்துரைப்பாராக. ஒரு நாள் தண்ணீர் பிந்தினால் பயிர் தேறிவிடும். போன உயிர் மீளாது.