ரஸாயன ரிஷி

ரஸாயன சாஸ்திரம் என்றால் கண்ணாடிக் குழாயும் துர்நாற்றமுந்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அந்தச் சாஸ்திரத்தைக் கொண்டே தேசத் தொண்டும் செய்யலாம் என்று காட்டியவர் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய்.

இன்று பங்களாதேஷில் உள்ள ராருலி கிராமத்தில் 1861-ல் பிறந்த ராய், எடின்பரோ சர்வகலாசாலையில் பயின்று 1887-ல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பியவருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. 1889-ல் கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் மாதம் 250 ரூபாயில் ஆசிரியர் பதவி கிடைத்தது. கல்வி இலாகாவின் உயர்ந்த வரிசை பெரும்பாலும் வெள்ளையருக்கே. அதே படிப்புப் படித்த இந்தியருக்குத் தாழ்ந்த வரிசை. நியாயம் கேட்கப் போனவருக்கு, "பிழைக்க வேறு வழிகள் உண்டே, இதை ஏற்கும்படி யார் வற்புறுத்தினார்கள்?" என்ற பொருளில் பதில் கிடைத்தது!

அந்த வேறு வழியை ராய் மெய்யாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் தமக்காக அல்ல. பட்டம் பெற்றுக் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்காக. 1892-ல் சுமார் 700 ரூபாய் முதலுடன், தாம் குடியிருந்த வீட்டிலேயே மருந்துகள் தயாரிக்கத் தொடங்கினார். ஒரு சமயம் பாஸ்பேட் உப்புக்காக மாட்டெலும்புகளை வாங்கி மொட்டை மாடியில் பரப்பினார். எதிர்பாராமல் மழை பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த மாமிசம் அழுகிற்று, காக்கைகள் கூடின. அண்டை வீட்டார் மூக்கைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். ராய் மனந்தளரவில்லை. எலும்புகளை அப்புறப்படுத்திச் சுட்டுச் சாம்பலாக்கிக் காரியத்தை முடித்தார். இவ்வாறு பிறந்த பெங்கால் கெமிக்கல் 1901-ல் லிமிடெட் கம்பெனியாகவும், 1980-ல் நாட்டுடைமையாகவும் ஆயிற்று.

தொழிலில் இறங்கியவர் ஆராய்ச்சியை விட்டுவிடவில்லை. பாதரஸத்தின் மீது நீர்த்த நைட்ரிக் திராவகத்தை ஊற்றியபோது தோன்றிய மஞ்சள் நிறப் படிகங்கள், மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற பொருள் என்று கண்டார். 1896-ல் வெளியான இக்கண்டுபிடிப்பு அவருக்குப் பெரும் புகழ் தந்தது. நம் முன்னோரின் ரஸாயன அறிவைப் பழைய சுவடிகளிலிருந்து திரட்டி, 1902-லும் 1909-லும் இரு பாகங்களாக நூல் வெளியிட்டார். மேகநாத் ஸாஹா போன்ற மேதைகள் அவருடைய மாணாக்கர்கள்.

ராய் மணம் புரியவில்லை. கல்கத்தா விஞ்ஞானக் கலாசாலையின் ஓர் அறையே அவருக்கு வீடு. 1944-ல் உயிர் நீத்ததும் அங்கேதான். 1921-ல் அறுபது வயது நிறைந்ததும், மேற்கொண்டு வரும் சம்பளம் முழுவதையும் சர்வகலாசாலையின் ரஸாயனப் பகுதிக்கே அளித்துவிட்டார். அன்று 250 ரூபாய் போதாதென்று முறையிடச் சென்றவர் கேட்டது பணத்தை அல்ல, இந்தியனுக்கு உரிய மரியாதையையே என்பது நமக்கு இப்போது விளங்குகிறதல்லவா?