'சர்வர் இல்லை' என்றால் என்ன?

கிராமாந்தரங்களில் இந்நாளில் அடிக்கடி காதில் விழும் சொற்களுள் 'சர்வர் இல்லை' என்பது ஒன்றாகும். நியாய விலைக் கடைக்கு அரிசி வாங்கச் சென்றவர் அதைக் கேட்டுத் திரும்புகிறார். கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்காக விரல் ரேகை வைத்தவரும், பட்டா நகல் பெற இ-சேவை மையத்துக்குச் சென்றவரும் அதையே கேட்கின்றனர். மழை இல்லை என்பதை ஏற்றுக்கொள்வது போல மக்கள் இதனையும் ஏற்றுக்கொண்டு, நாளை வருவதாகச் சொல்லிப் போய்விடுகின்றனர். அன்றாடக் கூலியை விட்டு வந்த ஒருவருக்கு நாளை வருவதென்பது இன்னொரு நாள் கூலியையும் விடுவதாகும்.

சர்வர் என்பது எங்கோ ஒரு கட்டிடத்தில் இரவு பகலாக இயங்கும் கணினி. கடையிலுள்ள சிறு கருவி கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்வது அதன் வேலை. அதனுள் ஓடும் மென்பொருள் நலமாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா, விழுந்தே விட்டதா என்பதை ஓயாமல் அளந்து பார்ப்பதற்கென்று முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. இதனைக் கண்காணிப்பு என்று அத்துறையினர் குறிப்பிடுகின்றனர். இது பொறியாளர்களுக்கு மட்டுமே உரிய விஷயம் என்று நாமும் முன்பு எண்ணியிருந்தோம். அப்படியன்று என்பதை ஓர் அனுபவம் உணர்த்திற்று. அதனைப் பின்னர் கூறுவோம்.

கூகிள் நிறுவனத்தின் பொறியாளர்கள் தம் பணிமுறையை விளக்கி 2016-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒரு சேவையைப் பற்றி நான்கு அளவுகளை மட்டுமே எடுக்க இயலுமாயின் எவற்றை எடுப்பது என்ற கேள்விக்கு அதில் விடை உள்ளது. கேட்ட கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது? எத்தனை கேள்விகள் வருகின்றன? அவற்றுள் எத்தனை தவறிப் போகின்றன? இயந்திரத்தின் கொள்ளளவில் எவ்வளவு நிரம்பிவிட்டது? இந்நான்குமே அவை. நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நின்றிருக்கும் விவசாயிக்கு இதைப் புதிதாகக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வண்டி எவ்வளவு நேரம் காத்து நிற்கிறது, நாளொன்றுக்கு எத்தனை வண்டிகள் வருகின்றன, ஈரப்பதம் என்று எத்தனை திருப்பப்படுகின்றன, களத்தில் இன்னும் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது என்று அவர் பார்ப்பதும் இந்த நான்கையே. களம் நிரம்பிச் சாக்கும் தீர்ந்த பின்னரும் நிலையத்தின் பெயர்ப்பலகை அதே இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவுகளை எடுப்பதற்கென்றே மென்பொருள்கள் உண்டு. 2012-இல் தொடங்கப்பட்ட புரோமிதியஸ் என்பது அவற்றுள் ஒன்று. எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். கண்காணிக்கப்படும் ஒவ்வொரு சேவையிடமும் குறித்த இடைவெளிகளில் அது தானே சென்று கேட்டு, கிடைத்த எண்களைக் குறித்து வைக்கிறது. பதில் வராவிட்டால் அந்த மௌனத்தையும் குறித்துக்கொள்கிறது. நோயாளி எழுந்து வந்து சொல்லட்டும் என்று காத்திராமல் வீடு வீடாகச் செல்லும் கிராம சுகாதார செவிலியரின் முறை இது.

ஆயினும் எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். 'உயிரோடு இருக்கிறாயா?' என்று மட்டும் கேட்டால் கணினி 'இருக்கிறேன்' என்று சொல்லிவிடும். மோட்டார் ஓடும் சப்தம் நன்றாகக் கேட்கிறது, குழாய் வாயில் தண்ணீர் இல்லை என்ற நிலையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே நல்ல கண்காணிப்பில், பொய்யான ஒரு பரிசோதனை அட்டையைக் கொண்டு, உண்மையான குடும்ப அட்டைதாரர் செய்வது போலவே முதலிலிருந்து கடைசி வரை ஒரு விற்பனையை நடத்திப் பார்ப்பார்கள். ரசீது வந்தால்தான் சேவை நலம்.

அடுத்து, சராசரி என்னும் கணக்கு எவ்வாறு ஏமாற்றும் என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம். ஒரு கடைக்கு 100 பேர் வருகின்றனர் என்று கொள்வோம். 95 பேருக்கு 3 விநாடியில் வேலை முடிகிறது. மீதி 5 பேர் ஆளுக்கு 3 நிமிஷம், அதாவது 180 விநாடி, நிற்கிறார்கள். மொத்தம் 1,185 விநாடி. 100-ஆல் வகுத்தால் சராசரி ஏறக்குறைய 12 விநாடி. அறிக்கையில் இவ்வெண் அழகாகவே இருக்கும். ஆனால் 12 விநாடி நின்றவர் அந்த 100 பேரில் ஒருவருமில்லை! இதனால்தான் அறிந்த பொறியாளர்கள் சராசரியை நம்புவதில்லை. காத்திருந்த நேரப்படி எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, 99-ஆவது ஆள் எவ்வளவு நேரம் நின்றார் என்று பார்க்கின்றனர். இக்கணக்கில் விடை 180 விநாடி.

சதவீதமும் இத்தகையதே. 'மாதத்தில் 99 சதவீத நேரம் சேவை இயங்கியது' என்றால் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. 30 நாள் மாதத்தில் மீதி 1 சதவீதம் என்பது 7 மணி 12 நிமிஷம். அந்நேரம் நள்ளிரவுகளில் சிறிது சிறிதாகக் கழிந்தால் நஷ்டமில்லை. பொருள் வழங்கும் முதல் நாள் காலையில் மொத்தமாகப் போனால் ஊரே வெறும் பையுடன் திரும்பும். இரண்டு மாதத்துக்கும் அறிக்கையில் ஒரே எண்தான்.

இனி நமது அனுபவத்துக்கு வருவோம். நம் ஒன்றியத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் கடையைப் பற்றித் தொடர்ந்து புகார்கள் வந்தன. மூதாட்டி ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று முறை 'சர்வர் இல்லை பாட்டி, நாளைக்கு வாங்க' என்று திருப்பப்பட்டிருந்தார். உரிய அலுவலகத்துக்கு எழுதினோம். அம்மாதம் முழுவதும் சேவை செவ்வனே இயங்கியதாக அட்டவணையோடு பதில் வந்தது. எவரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தோம். பிறகுதான் விளங்கிற்று: அட்டவணை பொய்யன்று, கடையில் சொல்லப்பட்டதும் முழுப் பொய்யன்று. மையத்துக் கணினி தன்னிடம் வந்து சேர்ந்த கேள்விகளை மட்டுமே எண்ணியிருந்தது. சிக்னல் இன்றிக் கடையிலேயே தங்கிவிட்ட கேள்வி அதன் கணக்கில் தவறாகவும் ஏறவில்லை, வந்ததாகவும் ஏறவில்லை. மேட்டூர் அணையில் நீர்மட்டம் 120 அடி என்று பத்திரிகையில் படிக்கிறோம். கல்லணையில் திறந்துவிட்ட நீரின் அளவும் தெரிகிறது. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயலில் தண்ணீர் ஏறியதா என்பதை அவ்விரு அளவுகளும் சொல்லமாட்டா. அதை வயல் வரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும்.

எனவே கடையின் விற்பனையாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தடை ஏற்படும்போதெல்லாம் மணி, கருவியில் தோன்றிய வாசகம், திரும்பிச் சென்றவர் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிவரச் சொன்னோம். அவர் முதலில் சலித்துக்கொண்டார். பின்னர் ஒழுங்காகவே எழுதினார். மாத முடிவில் பார்த்தபோது 'சர்வர் இல்லை' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு வியாதிகள் இருந்தன. வழங்கல் தொடங்கும் முதல் இரண்டு நாட்களின் முற்பகலில் இணைப்பு கிடைத்தும் பதில் வரத் தாமதமாயிற்று. இது கூட்டத்தின் விளைவு. வேறு நாட்களில் நேரங்காலமின்றிச் சிக்னலே இல்லை. இது கோபுரத்தின் குறை. மூன்றாவது வகையில் கணினியும் நலம், சிக்னலும் நலம். உழைத்துத் தேய்ந்த விரலின் ரேகையைக் கருவி ஏற்கவில்லை. பழக்கத்தால் அதற்கும் அதே வார்த்தை சொல்லப்பட்டு வந்தது. அந்த மூதாட்டியின் மூன்று வருகைகளில் இரண்டு இவ்வகையினவே.

முதலாவதற்குத் தெருவாரியாக நாள் பிரித்தோம். இரண்டாவதற்கு வேறு நிறுவனத்தின் சிம் அட்டை போடப்பட்டது. மூன்றாவதற்கு மாற்று வழி விதிகளிலேயே உள்ளது. ஆதார் இல்லை என்றோ, விரல் ரேகை ஒத்துவரவில்லை என்றோ, இணைப்புக் கோளாறு என்றோ எவருக்கும் தானியம் மறுக்கப்படலாகாது என்றும், அத்தகைய வழங்கலைத் தனியே பதிவு செய்ய வேண்டும் என்றும் மத்திய உணவு, பொது விநியோகத் துறை 2017 அக்டோபர் 24-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இத்தேதியை நினைவில் வைத்திருப்பது பயன் தரும். கடையின் தொல்லை முற்றும் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. மழைக்காலத்தில் சிக்னல் இன்னும் தடுமாறுகிறது.

கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 12-ஆம் நாள் நாடெங்கும் யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்புவது பல மணி நேரம் தடைப்பட்டது. நடந்த பரிமாற்றத்தின் நிலை என்ன என்று சில வங்கிகளின் கணினிகள் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்விகள் வெள்ளமாகப் பெருகியதே காரணம் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் கண்டறிந்தது. அதன் பின்னர், 2025 ஆகஸ்ட் 1 முதல், ஒருவர் ஒரு செயலியில் ஒரு நாளில் 50 முறைக்கு மேல் இருப்புத் தொகை பார்க்க இயலாது என்றும், நிலை கேட்பதற்கு இடைவெளி விட வேண்டும் என்றும் வரம்புகள் வந்தன. தளர்ந்திருக்கும் கணினியிடம் பொத்தானை விடாமல் அழுத்துவது, இளைத்த மாட்டின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும். இரண்டொரு நிமிஷம் பொறுத்து அழுத்துவதே அடுத்தவருக்கும் உதவி.

அளந்தால் மட்டும் போதாது. அளவு தவறும்போது உரியவரை எழுப்ப வேண்டும். அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறக்கும் முன்னரே, பிழையைச் சுட்டும் 97 மின்னஞ்சல்களைக் கணினி அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கை என்று எவரும் கருதவில்லை. சந்தை திறந்த முக்கால் மணி நேரத்தில் சுமார் 46 கோடி டாலர் நஷ்டம். கண்காணிப்பவன் கண்காணிக்கப்படுவதையே நம்பியிருத்தலும் ஆகாது. 2017 பிப்ரவரி 28-இல் அமேசான் நிறுவனத்தின் தரவுச் சேமிப்புச் சேவை நின்றபோது, சேவை நின்றுவிட்டது என்று அறிவிக்கும் பலகையையே அவர்களால் சிறிது நேரம் மாற்ற இயலவில்லை. அப்பலகையை மாற்றும் ஏற்பாடும் நின்றுபோன அதே சேவையைச் சார்ந்திருந்தது. இணையம் நின்றால் இணையத்தின் வழியாகவே புகார் செய்யச் சொல்லும் ஏற்பாடுகளைக் காணும்போது இந்நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருவதுண்டு.

நம் ஊர்களில் இதற்குக் காகிதமே ஏற்றது. நியாய விலைக் கடை, கூட்டுறவுச் சங்கம், இ-சேவை மையம் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு 40 பக்க நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் வாரம் ஒரு முறை அதைப் பார்த்துக் கையெழுத்திடலாம். கிராம சபை கூடும் நாளில் அதன் சுருக்கத்தை வாசித்துத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்பினால், 'சேவை செவ்வனே இயங்கியது' என்று மட்டும் பதில் எழுதுவது எளிதாயிராது. எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 'காலை' என்று எழுதாமல் மணியையும் நிமிஷத்தையும் எழுத வேண்டும், கருவியில் தோன்றிய வாசகத்தை நம் சொற்களில் மாற்றாமல் இருந்தபடியே எழுத வேண்டும். மையத்துக் கணினியின் பதிவில் அந்த நிமிஷத்தைத் தேடிப் பார்க்கும் பொறியாளருக்கு அவ்விரண்டுமே தேவைப்படும்.