கீமோ மருந்தைச் சுமக்கும் 'உலோகக் கூண்டு': புற்றுநோய் சிகிச்சையில் என்ன மாறும்? எளிய விளக்கம்

சங்கராபுரம் பக்கத்தில் இருந்து புற்றுநோய் சிகிச்சைக்காக புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை அடையாறுக்கோ போய் வருபவர்களின் வீட்டில் ஒரு கேள்வி எழும். "கட்டி ஒரு இடத்துலதானே இருக்கு, மருந்து ஏத்தினா உடம்பு முழுக்க ஏன் படுத்துது?" இதற்கு விடை தேடுவதுதான் 'உலோகக் கூண்டு' ஆராய்ச்சி.

இப்போது என்ன பிரச்னை?

கீமோவில் முக்கியமான மருந்து சிஸ்பிளாட்டின். நகைக்கடையில் பார்க்கிறோமே, அதே பிளாட்டினம்தான் இதில் இருக்கிறது. 1965-ல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் இதன் ஆற்றலைத் தற்செயலாகக் கண்டறிந்தார். 1978-ல் அங்கு அனுமதி கிடைத்தது. கர்ப்பப்பை வாய், நுரையீரல் புற்றுநோய்களுக்கு இன்றும் தருகிறார்கள்.

செல்லின் டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டு அது பெருகாமல் தடுப்பதே இதன் வேலை. ஆனால், நல்ல செல்லையும் இது விட்டுவைப்பதில்லை. அதனால்தான் வாந்தி, சிறுநீரக பாதிப்பு, காது மந்தம். சிறுநீரகத்தைக் காக்கவே கூடவே சலைன் ஏற்றுகிறார்கள்.

கூண்டு எப்படி வேலை செய்யும்?

உலோக அணுக்கள் மூலை முடிச்சு, கரிம மூலக்கூறுகள் கம்பு. கரைசலில் கலந்தால் இவை தாமாகவே சேர்ந்து கூண்டாகிவிடும். நடுவில் உள்ள காலியிடத்தில் மருந்தை வைக்கலாம். புற்றுநோய்க் கட்டியின் ரத்தக் குழாய்களில் கசிவு அதிகம் என்பதால், பெரிய மூலக்கூறுகள் அங்கே தங்க வாய்ப்புண்டு. கட்டியைச் சுற்றியுள்ள லேசான அமிலத்தன்மையிலோ, ஒளி பட்டாலோ மருந்தை வெளியே விடும்படி கூண்டை வடிவமைக்க முயல்கிறார்கள்.

2008-ல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ருத்தேனியம் கூண்டுக்குள், தண்ணீரில் கரையாத பல்லேடியம் சேர்மத்தை வைத்துப் பார்த்தனர். ஆய்வகத்தில் வளர்த்த புற்றுநோய் செல்களை, வெறும் கூண்டைவிட அது பல மடங்கு வீரியமாகத் தாக்கியது.

நம்மூரில்?

சென்னை ஐஐடியில் பேராசிரியர் திலீப் குமார் சந்த், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பார்த்தசாரதி முகர்ஜி ஆகியோரின் குழுக்கள் இதுபோன்ற கூண்டுகளை உருவாக்கி ஆராய்ந்து வருகின்றன.

எப்போது கிடைக்கும்?

இப்போதைக்கு இது ஆய்வக நிலைதான். ரத்தத்தில் கலந்ததும் கூண்டு பாதியிலேயே உடையக் கூடாது. வேலை முடிந்ததும் உலோகம் உடம்பில் தங்கிவிடக் கூடாது. இந்த இரண்டையும் தாண்டி, மனிதர்களிடம் நடக்கும் சோதனையிலும் ஜெயிக்க வேண்டும்.

ஆகவே, புது மருந்து வரட்டும் என்று கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம். காதில் இரைச்சல் கேட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ அடுத்த தவணை வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.