உப்பளம் சொல்லித் தந்த பாடம்

எங்கப்பாவுக்கு மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை; அம்மாவுக்கு அச்சரப்பாக்கத்தில் நடவு வேலை. வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்.

1 லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் உள்ளுறை வெப்பம் வேண்டும். 30 டிகிரி நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல இது 8 மடங்கு! வெயில் அதைச் சும்மா தருகிறது. காற்று ஆவியை அள்ளிப் போகிறது. பாத்தியில் உப்பு தங்குகிறது.

கடலில் எழும் ஆவியும் இப்படித்தான். மேலே குளிர்ந்து, வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுத்து மேகமாகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாக எங்க ஏரிக்கு வருகிறது. அப்போ அம்மாவுக்கு வேலை உண்டு. அப்பாவுக்கு இல்லை, உப்பு கரைந்துவிடுமே!

நீர்ச்சுழற்சியில் பாதி அப்பா கூலி, பாதி அம்மா கூலி. என் ஃபீஸ் இரண்டிலும் கட்டியது.