சிலந்தி மனிதன் சுமந்த பாரம்

சென்ற மாதம் நமது சங்க நூலகத்திற்கு நூல்கள் வாங்குவது குறித்து நடைபெற்ற கூட்டத்தில், சிறுவர் பகுதிக்குச் சில சித்திரக்கதைப் புத்தகங்களும் வாங்கலாம் என்று ஓர் அம்மையார் யோசனை கூறினார். உடனே நாம் அனைவரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, “சுவரில் ஒட்டுகிறவனும் வானத்தில் பறக்கிறவனும் நம் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுத் தரப் போகிறார்கள்? டெல்லியில் வளர்ந்து தமிழையே மறந்துகொண்டிருக்கும் குழந்தைகளுக்கு இது ஒன்றுதான் குறையா?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல என் நாக்கு துடித்தது. ஆயினும் சபையில் எழுந்து பேசிப் பழகாதவன் ஆகையால் வாளாவிருந்துவிட்டேன். முடிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது. அதற்குள் என் விடையை இந்தப் பக்கங்களில் எழுதிவிடலாம் என்று துணிந்தேன். சித்திரக்கதைகள் அனைத்திற்கும் வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. ஒரே ஓர் இதழைப் பற்றித்தான் கூறப்போகின்றேன்.

அமெரிக்காவில் மார்வெல் நிறுவனம் வெளியிட்டு வரும் ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ வரிசையில் 33-ஆவது இதழ் அது. 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என்று அட்டையில் அச்சிடப்பெற்றது. விலை 12 சென்ட். கதை 20 பக்கம். கதையமைப்பும் சித்திரமும் ஸ்டீவ் டிட்கோ என்பாருடையவை. உரையாடல் எழுதியவர் ஸ்டான் லீ. இருவரும் 2018-ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் காலமானார்கள். ஸ்டான் லீயின் பெற்றோர் ருமேனியாவிலிருந்து நியூயார்க்கிற்குப் பிழைக்க வந்த யூதர்கள் என்பது, ஊர் விட்டு ஊர் வந்த நமக்குக் கவனிக்கத்தக்க செய்தி.

வாசகர்களுள் சிலர், “ஸ்பைடரா? எங்களுக்குத் தெரியுமே!” எனக் கூறக்கூடும். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸில் தமிழ் பேசிய ஸ்பைடர் வேறு, அவன் இங்கிலாந்துச் சித்திரக்கதைகளில் பிறந்தவன். நான் கூறுவது நியூயார்க் நகரத்துப் பீட்டர் பார்க்கரை. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இதழொன்றில் 11 பக்கக் கதையில் பிறந்தவன் இவன். தாய் தந்தையற்ற பிள்ளை. பெரியப்பாவும் பெரியம்மாவும் வளர்த்தார்கள். கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்ததால் அவனுக்குச் சிலந்தியின் ஆற்றல் வந்தது. ஒரு நாள் தன் கண்முன் ஓடிய திருடனைப் பிடிக்காமல், “எனக்கென்ன வந்தது?” என்று விட்டுவிட்டான். அதே திருடன் பின்னர் அவன் பெரியப்பாவையே கொன்றுவிட்டான். தவறு செய்தபின் வருந்துகிறவன்தான் இக்கதையின் நாயகன். ஆற்றல் வந்தபின்பும் அவனுக்கு வாடகைக் கவலை உண்டு, படிப்புச் செலவு உண்டு, பெரியம்மாவின் மருந்துச் செலவும் உண்டு. முகமூடியைக் கழற்றினால் அவனும் நம்மைப்போல் மாதக் கடைசியை எண்ணுகின்றவன்தான்.

33-ஆம் இதழ், 31-ஆம் இதழில் தொடங்கிய கதையின் முடிவாகும். பெரியம்மா மருத்துவமனையில் உயிருக்குப் போராடுகின்றாள். அவளுடைய இரத்தத்தில் கதிரியக்கம் கலந்திருக்கின்றது. அது எங்கிருந்து வந்தது? முன்னொரு சமயம் அவள் நோயுற்றபோது பீட்டர் தன் இரத்தத்தை அவளுக்குக் கொடுத்தான். காப்பாற்றுவதற்காக அவன் அன்போடு கொடுத்த இரத்தமே இப்போது அவளைக் கொல்லுகின்றது. பெரியப்பா இறந்தது தன் அலட்சியத்தால். பெரியம்மா இறப்பதோ தன் அன்பினால் என்றால் அவன் எங்கே போய் அழுவான்?

அவளைப் பிழைக்கவைக்கக் கூடிய அரிய மருந்தொன்றை எதிரியின் ஆட்கள் கொள்ளையடித்துவிடுகின்றார்கள். ஆற்றின் அடியிலுள்ள அவர்களுடைய மறைவிடம் வரை பீட்டர் துரத்திச் செல்கின்றான். அங்கு நடந்த போரில் ஒரு பெரும் இயந்திரம் சரிந்து அவன் மீது விழுந்துவிடுகின்றது. தலைவனாகிய டாக்டர் ஆக்டோபஸ் தப்பிவிடுகின்றான். கூரையில் விரிசல் கண்டு தண்ணீர் ஒழுகுகின்றது. மருந்துக் குப்பியோ கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கைக்கு எட்டாத இடத்தில் கிடக்கின்றது. இந்த நிலையில்தான் 33-ஆம் இதழின் முதல் பக்கம் தொடங்குகின்றது.

இனிமேல் நடப்பது என்ன? அவன் அந்த இயந்திரத்தைத் தூக்குகின்றான். அவ்வளவுதான்! “இவ்வளவுக்குத்தானா பீடிகை?” என்று நகைக்க வேண்டாம். 20 பக்கக் கதையில் அதற்கு 5 பக்கங்களைக் கொடுத்திருக்கின்றார் டிட்கோ, கால்வாசிக் கதை! வேறொருவர் வரைந்திருந்தால் இரண்டே கட்டங்களில் தூக்கி எறிந்திருப்பான்.

நான் ரயில்வேயில் பார்சல் பகுதி எழுத்தன். மூட்டைகளைத் தராசில் ஏற்றி எடை எழுதுவதும் ரசீது போடுவதும் என் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுமைத் தொழிலாளர்கள் பாரம் தூக்குவதைத் தினமும் பார்த்து வருகின்றேன். கனத்த பெட்டியை எவரும் ஒரே மூச்சில் தூக்குவதில்லை. முதலில் சற்றே அசைத்துப் பார்ப்பார்கள். பிறகு மூச்சை அடக்குவார்கள். ஒரு முழங்காலை ஊன்றுவார்கள். முதுகு நிமிரும் அந்தக் கணத்தில் முகம் தரையைப் பார்த்தபடி இருக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். இதையெல்லாம் அந்தச் சித்திரக்காரர் எங்கே நின்று பார்த்தாரோ அறியேன். முதலில் அவன் முயன்று தோற்கின்றான். தலை தொங்குகின்றது. பெரியப்பாவின் முகமும் பெரியம்மாவின் முகமும் நினைவில் தோன்றுகின்றன. மறுபடி முயலுகின்றான். இயந்திரம் இம்மியளவு அசைகின்றது. பார்க்கும் நமக்கு முதுகு வலிக்கின்றது! ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினால் கட்டங்களே இல்லை. பக்கம் முழுவதும் ஒரே சித்திரம். இரு கைகளாலும் பாரத்தைத் தலைக்குமேல் தூக்கி எறிந்து அவன் எழுந்து நிற்கின்றான். சுற்றிலும் தண்ணீர் கொட்டுகின்றது.

இந்தப் பக்கத்தைப் புகழாதார் இல்லை. 2017-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஸ்பைடர்-மேன்: ஹோம்கமிங்’ திரைப்படத்திலும் இடிபாட்டுக்கு அடியிலிருந்து நாயகன் எழும் காட்சி ஒன்று உண்டு, நம் குழந்தைகளில் பலர் அதைப் பார்த்திருப்பார்கள். அதன் மூலம் இந்த இதழ்தான்.

ஆனால் எனக்கு இந்த இதழ் உயர்ந்ததாகத் தோன்றுவது அந்த ஒரு பக்கத்தால் மட்டும் அன்று. பாரத்தைத் தூக்கியவுடன் கதை முடிந்துவிடவில்லை என்பதே பெரிது. இன்னும் 15 பக்கங்கள் இருக்கின்றன. கால் அடிபட்டிருக்கின்றது. வெள்ளம் அடித்துச் செல்லுகின்றது. வெளியே வந்தால் எதிரியின் ஆட்கள் காத்திருக்கின்றார்கள். நிற்கவும் வலுவில்லாதவன் அவர்களோடு போராடுகின்றான். மருந்தை விஞ்ஞானியிடம் கொண்டு சேர்த்துச் சோதிக்கச் செய்கின்றான், மருத்துவமனைக்கு ஓடுகின்றான். இடையில் பத்திரிகை அலுவலகம் சென்று, எடுத்த புகைப்படங்களை விற்றுக் காசு வாங்குகின்றான். ஏனெனில், உலகத்தைக் காப்பாற்றினாலும் மருத்துவமனைக் கட்டணத்தை அவன்தானே கட்டவேண்டும்! அவன் முகத்துக் காயங்களைக் கண்டு, அவன் விரும்பிய பெண் அஞ்சி ஓடிவிடுகின்றாள். காரணத்தை அவளிடம் சொல்ல அவனால் இயலவில்லை. இறுதியில் பெரியம்மா பிழைக்கின்றாள். மாலை இல்லை, மேளம் இல்லை. தன்னைப் பிழைக்கவைத்தவன் யார் என்பது அவளுக்குக்கூடத் தெரியாது. அடிபட்ட உடம்போடு பையன் நடந்து போகின்றான்.

அரக்கர்களை வெல்லும் கதைகள் ஆயிரம் உண்டு. இந்த இதழில் நாயகனுடைய மெய்யான எதிரி அரக்கனும் அல்லன், அறிவாளியும் அல்லன். அவன் முதுகின்மேல் கிடக்கும் எடையும், நேரமும்தான்.

இதை நான் முதன்முதலில் படித்தது தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் கூடிய பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய மறுபதிப்பில். 2019-இல் அச்சந்தை மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்படுவதற்கு முன் வாங்கியது. கறுப்பு வெள்ளையில் அச்சான தடித்த தொகுப்பு, அட்டை கிழிந்திருந்தது. மெட்ரிக் படிப்போடு நின்றவனாகிய எனக்கு அதன் ஆங்கிலம் முழுவதும் விளங்கவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஆனால் அந்த ஐந்து பக்கங்களுக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊரில் என் தாயாருக்கு அறுவைச் சிகிச்சை என்று தம்பி தொலைபேசியில் கூறினான். விடுப்பும் கிடைத்தது, வண்டியில் இடமும் கிடைத்தது. ஆனால் மதுரைக்கு இரண்டு இரவுப் பயணம் அல்லவா? சிகிச்சை நடக்கும் வேளையில் நான் மத்தியப் பிரதேசத்துக் காடுகளுக்கு நடுவே வண்டியில் அமர்ந்திருந்தேன். தொலைபேசியில் தொடர்பு வருவதும் அறுவதுமாக இருந்தது. மருத்துவமனைக்கு வேண்டிய பணத்தை முன்பே அனுப்பியிருந்தேன். அதற்குமேல் என் கையால் ஆவது ஒன்றுமில்லை. பெட்டியில் எப்படியோ இந்தப் புத்தகம் வந்திருந்தது. அந்த ஐந்து பக்கங்களை எத்தனை முறை புரட்டினேன் என்று நினைவில்லை. அதனால் எனக்கு வீரம் வந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நான் எதையும் தூக்கவில்லை; சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் நெஞ்சின்மீது இருந்த பாரத்தை யாரோ ஒருவர், நான் பிறப்பதற்கும் முன்னால், எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்து அப்படியே வரைந்து வைத்திருக்கின்றார் என்று கண்டபோது, தனியாக இருக்கின்றோம் என்ற எண்ணம் சற்றுக் குறைந்தது. வேறென்ன வேண்டும் ஒரு புத்தகத்திடம்?

போய்ச் சேர்ந்தேன். கண் விழித்திருந்த தாயார் என்னைப் பார்த்ததும் கேட்ட முதற்கேள்வி: “வண்டி நேரத்துக்கு வந்துச்சாப்பா?”

சென்ற கோடை விடுமுறையில் இந்தக் கதையை என் எட்டு வயது மகளுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தபோது, “அவன் ஏம்ப்பா யாரையும் உதவிக்குக் கூப்பிடல?” என்று கேட்டாள். “அங்கே வேறு யாரும் இல்லையம்மா” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “நீங்க ஆச்சிக்காகத் தனியா ரயில்ல போனீங்களே, அது மாதிரியா?” என்றாள். எனக்குப் பேச்சு எழவில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு சித்திரக்கதை தன் தகப்பனை அடையாளம் காட்டியது என்றால், அது ஒன்றும் கற்றுத் தராது என்று எப்படிச் சொல்வது?

பெரியவர் எழுப்பிய இரண்டாவது ஐயம், தமிழைப் பற்றியது. அதற்கும் விடை உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கியது முதல், தமிழிலேயே சித்திரக்கதைகள் வந்துகொண்டிருக்கின்றன. என் தகப்பனார் சிறுவயதில் சேர்த்த சில பிரதிகள் எங்கள் தகரப் பெட்டியில் இன்றும் இருக்கின்றன. பள்ளியில் இந்தி, வெளியில் இந்தி என்று வளரும் என் மகளுக்கு ஒரு முழுப் பக்கத் தமிழைக் கண்டால் மலைப்பு. ஆனால் படத்துக்குள் நான்கு சொல் இருந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுகின்றாள். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அவளை அடுத்த நான்கு சொற்களுக்கு இழுத்துச் செல்கின்றது. பெரிய நூல்களுக்கு ஏறும் படிக்கட்டில் இது முதற்படியாகட்டுமே!

ஆகவே நூலகக் குழுவினருக்கு என் விண்ணப்பம் இதுதான். தமிழ்ச் சித்திரக்கதைகளில் நல்லனவாகப் பத்துப் பன்னிரண்டைத் தெரிந்தெடுத்து வாங்குங்கள். குப்பையும் உண்டு, அதைத் தள்ளுங்கள். தரியாகஞ்சில் வாங்கிய என் தொகுப்பை நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தந்துவிடுகின்றேன். பெரியவரிடம் ஒரு வேண்டுகோள்: முதலில் தாங்களே அதை எடுத்துச் சென்று, 33-ஆம் இதழை மட்டும் தங்கள் பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். படித்த பின்னும் வேண்டாம் என்று தாங்கள் கூறினால், அடுத்த கூட்டத்திலும் நான் வாய் திறக்கமாட்டேன்.